மூன்று முறை

ஆறு வருடங்களாக, வேலைக்குப் போகும்போதெல்லாம் மனைவி செண்பகவல்லியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டி, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தவசிலிங்கம் படியிறங்குவான். இன்று காலை அவனே சாவியை அவள் கையில் வைத்தான்.

"நான் மாறிட்டேன். நீ போய் உங்கம்மாவப் பாத்துட்டு வா. ஆனா என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போ. பின்னாலயே வந்துருவேனோன்னு எனக்கே பயமா இருக்கு."

அவள் பூட்டினாள்.

"இழுத்துப் பாத்தியா?" என்று உள்ளிருந்து கேட்டான்.

ஒன்று, இரண்டு, மூன்று. அவள் கை அவனுடையதைப் போலவே இழுத்தது. தெருவில் ஆளில்லை. சாவியைப் பார்த்தபடி வாய் திறக்காமல் நின்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவனுடைய மூச்சு நெருங்கி வந்தது.

"யாருகிட்ட பேசிட்டு நிக்கிற?"