வலஞ்சுழியா, இடஞ்சுழியா?

சத்தியமாகச் சொல்கிறேன் ஐயா, இதில் ஓர் எழுத்து பொய்யானாலும் என் மீசை உதிர்ந்து போகட்டும்!

ஆப்பிரிக்கக் காடொன்றில் ஒரு காட்டுவள்ளிக் கொடி மரத்தைச் சுற்றி ஏறியிருந்தது. அதன் கிழங்கைத் தோண்டித் தின்ன முள்ளம்பன்றியும் குரங்கும் வந்தார்கள். இரண்டு பேரும் மெத்தப் படித்தவர்கள், வகை தெரியாமல் எதையும் வாயில் வைக்கமாட்டார்கள். கொடி வலஞ்சுழியாக ஏறினால் நல்ல கிழங்கு, இடஞ்சுழியாக ஏறினால் விஷக் கிழங்கு. இது அவர்களே வகுத்த சட்டம்.

அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்த முள்ளம்பன்றி, "வலஞ்சுழிதான். இறங்கி வாடா, தோண்டலாம்!" என்றது.

உச்சிக் கிளையிலிருந்து குனிந்து பார்த்த குரங்கு, "கண்ணு அவிஞ்சு போச்சா அண்ணே? இது இடஞ்சுழி. தின்னா சாவுதான்!" என்றது.

மண்ணுக்குள் கிழங்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

சண்டை மழைக்காலம் வரை நீண்டது. கடைசியில் குரங்கு, "என் இடத்துல வந்து நின்னு பாருங்க, புரியும்" என்றது. இடம் மாறிக்கொண்டார்கள். முள்ளம்பன்றி எப்படி மரமேறியது என்று கேட்காதீர்கள், ஏறியது. தன் கதை முடிந்தது என்று கிழங்கு நடுங்கியது.

"மன்னிச்சிருடா தம்பி, நீ சொன்னதுதான் சரி. இடஞ்சுழி!" என்று மேலிருந்து கத்தியது முள்ளம்பன்றி.

"இல்லண்ணே, நீங்க சொன்னதுதான் சரி. வலஞ்சுழியேதான்!" என்று கீழிருந்து கத்தியது குரங்கு.

சண்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. கிழங்கு இப்போது யானைக்குட்டி அளவுக்குப் பெருத்துவிட்டது. அதுவேதான் இதையெல்லாம் என்னிடம் சொன்னது.

நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். ஒரே பக்கம் நின்று பார்க்க அந்த இருவருக்கும் இன்னும் தோன்றவில்லை.