பனீர் கொடுத்த தண்ணீர்

ஒரு ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், கிண்ணத்துத் தண்ணீரில் மூழ்கியபடி ஒரு பனீர் துண்டு சுகமாக இருந்தது. பக்கத்திலேயே, பிரித்த உறையோடு ஒரு செடார் சீஸ் துண்டு கிடந்தது. அதன் ஓரமெல்லாம் காய்ந்து வெடித்திருந்ததைப் பார்க்கப் பனீருக்கு மனசு கேட்கவில்லை.

"தண்ணி இல்லாம எப்படித்தான் இருக்கியோ. கொஞ்சம் தரட்டுமா?"

"வேண்டாம்ப்பா" என்றது செடார்.

கூச்சப்படுகிறது என்று பனீர் நினைத்துக்கொண்டது. யாராவது கதவை அறைந்து மூடும்போதெல்லாம், கிண்ணத்தோடு ஆடி நண்பன்மேல் தண்ணீரைத் தெளித்தது. பனீர் படும் பாட்டைப் பார்த்த செடாரும், "நல்லா இருக்கு" என்று சொல்லிவைத்தது.

சில நாளில் செடாரின் மேல் பச்சையாகப் பூசணம் பூத்தது. வீட்டுக்காரி பூங்கோதை அதை எடுத்துப் பார்த்தாள். பூசணம் பிடித்த பக்கத்தைத் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஈரம் போகத் துடைத்து, பட்டர் பேப்பரில் சுற்றி மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

பாதியாகத் திரும்பி வந்த நண்பனைப் பார்த்துப் பனீர் ஆடிப்போனது.

"என்னாலதானே? ஏன் சொல்லல?"

"முதல்ல சொன்னேனே. அப்புறம் நீ அவ்வளவு ஆசையா குடுக்கறப்ப, எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

பனீர் மெதுவாக, "அந்தத் தாளுக்குள்ள உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டது.

செடார் சொல்லத் தொடங்கியது. கிண்ணத்துத் தண்ணீர் அலுங்காமல் பனீர் கேட்டுக்கொண்டிருந்தது.