சிவப்பு பட்டன்

"பத்து மணிக்குள்ள போயாகணும் மெக்கானிக். எப்படியாவது கிளப்பிக் குடுங்க" என்று கெஞ்சினார் பெரியவர்.

இருபது வருஷத்துக் கார். உடம்பெல்லாம் பழைய நெளிசல். பேட்டரி, பிளக் எல்லாம் நன்றாக இருந்தன. ஆனால் பெட்ரோல் பம்ப் மூச்சே விடவில்லை.

"எப்போ நின்னுச்சு?"

"நேத்து விடியக்காலைல, தெருமுனையில தானா நின்னுடுச்சாம். பையன் தள்ளிக்கிட்டு வந்தான்."

பையன் காருக்குப் பின்னால் மலர்வளையத்தோடு நின்றிருந்தான்.

டிக்கியைத் திறந்து, ஓரத்தில் இருந்த சிவப்பு பட்டனை அழுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். வண்டி உடனே பிடித்துக்கொண்டது.

"தானா ஒண்ணும் நிக்கலைங்க. வண்டி எதுலயாவது பலமா மோதினா, இந்த பட்டன் பெட்ரோலை நிறுத்திடும். எதுல மோதினீங்க?" என்று பையனிடம் சிரித்தபடி கேட்டேன்.

மலர்வளையம் நழுவி விழுந்தது.

பெரியவர் அவனையே பார்த்தார். "நேத்து அதே முனையிலதான் என் தம்பியை எவனோ வண்டியில அடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டான். அவன் அடக்கத்துக்குத்தான் இப்ப..."

"இருட்டுப்பா. சித்தப்பான்னு தெரியல."

இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஏறத்தான் ஆளில்லை.