வந்த நேரம்

“ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல்...” என்று நிலைய அதிகாரி மைக்கில் படித்ததும் மரக்கடைக்காரர் சத்தமாகவே சிரித்துவிட்டார்.

முன்வரிசையில் இருந்தவர் திரும்பி முறைத்தார். மரக்கடைக்காரரின் மனைவிக்கு உடம்பெல்லாம் கூசியது. “மெதுவாங்க. கூப்பிட்டு மரியாதையா உட்கார வெச்சிருக்காங்க” என்று அவர் கையை அழுத்தினாள்.

தீயணைப்பு நிலையத்தின் ஆண்டு விழா. சிவப்பு வண்டிகளைக் கழுவித் துடைத்து வெளியே நிறுத்திவிட்டு, அவை நிற்கும் கொட்டகையிலேயே நாற்காலி போட்டிருந்தார்கள். டீசல் வாசனை போகவில்லை. அந்த வருடம் நிலையத்தின் உதவியைப் பெற்றவர்கள் எல்லோருக்கும் அழைப்பு போயிருந்தது. கடைத்தெருவில் மரக்கடைக்காரருக்குச் சொந்தமான பழைய மாடிக் கட்டடத்தில் தீப்பிடித்தபோது அணைத்தவர்கள் இந்த நிலையத்துக்காரர்கள்தான்.

“அவனுங்க தம்பட்டம் அடிச்சுக்கறதுக்கு நான் போய்க் கை தட்டணுமா?” என்று வீட்டிலேயே முரண்டு பிடித்தார். போகாவிட்டால் ஊர் ஒருமாதிரி பேசும் என்று அவள்தான் இழுத்து வந்தாள்.

அதிகாரி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். “நகரத்தின் எல்லாப் பள்ளிகளிலும் தீத்தடுப்பு விழிப்புணர்வு வகுப்புகள் நடத்தினோம்.”

“பசங்களுக்குக் கணக்கு பீரியட் மிச்சம்” என்றார் மரக்கடைக்காரர்.

“கழிவுநீர்த் தொட்டியில் விழுந்த நாயை உயிருடன் மீட்டோம்.”

“பாரு, நாயெல்லாம் சாதனையில சேர்த்தி! எலியைப் பிடிச்சிருந்தா அதையும் படிச்சிருப்பான்.”

“வெள்ளத்தில் மூழ்கிய ஆஸ்பத்திரி அடித்தளத்திலிருந்து விடிய விடியத் தண்ணீர் இறைத்தோம்.”

“தண்ணி ஊத்தறதுக்கும் சம்பளம், இறைக்கறதுக்கும் சம்பளம். யோகக்காரப் பயலுங்க!”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். தீ விபத்து நடந்ததிலிருந்தே மனிதர் இப்படித்தான். தெருவில் சைரன் கேட்டாலே முகம் கோணிக்கொள்ளும். துக்கம் விசாரிப்பதுபோல் யாராவது வந்து கேட்டால், “அவனுங்க வந்த நேரத்தைப் பத்தி மட்டும் எங்கிட்டப் பேசாதீங்க” என்று கையை உதறுவார். வந்தவர்கள் உச்சுக் கொட்டிவிட்டுப் போவார்கள்.

அன்றைக்கு அவள் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து பார்த்தபோது கீழ்த்தளத்து மரக்கிடங்கு கரிக்கட்டையாகக் கிடந்தது. போன மரம் இன்னும் இவர் வயிற்றில் எரிகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

“இப்போது, எங்களால் காப்பாற்றப்பட்ட ஒருவர் பேசுவார்” என்றார் அதிகாரி.

கைக்குழந்தையோடு மேடை ஏறியவள் அதே கட்டடத்தின் மாடியில் குடியிருக்கும் தையல்காரி. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும், காலி பண்ணு என்று மரக்கடைக்காரர் கோர்ட்டு வரை இழுத்தும் அசையாதவள். தீர்ப்பும் அவள் பக்கம்தான் வந்தது. அவளைப் பார்த்ததும் மரக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தையல்காரிக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை.

“அன்னிக்கு நாங்க ஊருக்குப் போறதா இருந்தோம். ஓனர்கிட்டகூடச் சொல்லியிருந்தேன். கிளம்பற நேரத்துல பாப்பாவுக்கு நெருப்பாக் கொதிச்சுது, போகல. மருந்து குடுத்துட்டு நானும் கண் அசந்துட்டேன். முழிச்சுப் பார்த்தா ரூம் முழுக்கப் புகை. படியில இறங்க முடியல. வீட்ல நாங்க இருக்கறதே யாருக்கும் தெரியாது.”

அவள் மேடையின் ஓரத்தைக் காட்டினாள். கழுத்து ஓரம் தோல் வெந்து சுருங்கிப்போயிருந்த ஒரு தீயணைப்பு வீரர், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாப்பா இருமின சத்தம் இந்த அண்ணனுக்குத்தான் கேட்டுச்சு. ஏணி போட்டு ஜன்னலை உடைச்சு வந்தாரு. தன்னோட மாஸ்க்கைக் கழட்டிப் பாப்பா மூஞ்சில வெச்சாரு. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா...”

குழந்தை மைக்கைப் பிடித்து இழுத்தது. கொட்டகையே எழுந்து நின்று கை தட்டியது. அந்த வீரர் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார்.

மரக்கடைக்காரரின் மனைவியும் எழுந்து நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் பார்த்தாள். மரக்கடைக்காரர் மட்டும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னவோ இனாமாத் தூக்கின மாதிரி! அதுக்குத்தானே சம்பளம் வாங்கறான்” என்றார்.

இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் முதல் தடவையாகச் சீறினாள். “அந்தக் குழந்தையைப் பார்த்துமா இப்படிப் பேசறீங்க? உங்களுக்குப் போனது நாலு பலகை. அவங்களுக்குப் போகப் பார்த்தது உசுரு. அப்படி என்னங்க பெரிசா லேட்டா வந்துட்டாங்க?”

மரக்கடைக்காரர் மேடையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆத்திரத்தில், யாரிடம் பேசுகிறோம் என்பதே மறந்து வாய்விட்டுச் சொன்னார்.

“லேட்டா? சீக்கிரம் வந்து தொலைச்சுட்டானுங்கடி!”