இரண்டாம் வேறுபாடு

சிவப்பு மை பக்கத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடியது. அவள் கண்ணெதிரிலேயே.

"கடைசிக் கட்டம் எல்லாம் ஒண்ணு போல வரணும். எல்லாருக்கும் வருது. உனக்கு மட்டும் ஏழு, பதிமூணு, பதினொண்ணு. குண்டு மேலயா தப்பு?"

இயற்பியல் ஆசிரியர் ஞானசிகாமணி ரெக்கார்டு நோட்டை மூடித் தள்ளினார். நாளை செய்முறைத் தேர்வு. கையெழுத்து இல்லாத நோட்டோடு வந்தால் ஆய்வகத்துக்குள் விடமாட்டார்கள். மதியத்துக்குள் ஒழுங்காக எழுதி வா என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாருக்கும் வரும். ஏன் வராது? போன வருடத்து அக்கா ஒருத்தியின் நோட்டு வகுப்பு முழுக்கச் சுற்றியது. அந்த அக்காவுக்கு எங்கிருந்து வந்ததோ, கடவுளுக்கே வெளிச்சம். குண்டைத் தொடாமலே குண்டு உருட்டிய மகராசிகள்.

நிஜமாக உருட்டியது அவளும் தோழி எஸ்தரும்தான்.

சாய்த்து வைத்த பலகை. ஓர் இரும்புக் குண்டு. எஸ்தர் கடிகாரத்தைப் பார்த்து விநாடிக்கு ஒருமுறை குரல் கொடுத்தாள். குண்டு இருந்த இடத்தில் இவள் சாக்பீஸால் கோடு போட்டாள்.

ஐந்து சென்டிமீட்டர். இருபத்தொன்று. நாற்பத்துநான்கு. எண்பது. நூற்றிருபத்தேழு.

அடுத்தடுத்த எண்களைக் கழித்தால் ஒவ்வொரு விநாடியும் முந்தையதைவிட அதிக தூரம். சரிவில் குண்டு வேகம் எடுக்கிறது. அந்த வேறுபாடுகளையும் ஒருமுறை கழித்தால் ஏறக்குறைய ஒரே அளவு. பத்தைச் சுற்றியே வந்தது. அன்று இருவரும் குதித்தார்கள்.

இரண்டு பெண்கள், ஒரு சாக்பீஸ், ஒரு பழைய கடிகாரம். இதற்கு மேல் எப்படித் துல்லியமாக வரும்?

மறுநாளே எஸ்தரும் அக்காவின் நோட்டைப் பார்த்து எழுதிவிட்டாள். ஊரோடு ஒத்துப் போடி என்றாள்.

புதுப் பக்கம்.

பேனாவைத் திறந்தாள்.

ஒன்று போல வரவேண்டும். அவ்வளவுதானே?

இருபத்தைந்து. ஐம்பது. எழுபத்தைந்து. நூறு. நூற்றிருபத்தைந்து.

முதல் வேறுபாடு, எல்லாக் கட்டத்திலும் இருபத்தைந்து. இரண்டாம் வேறுபாடு, எல்லாக் கட்டத்திலும் சைபர். வரைபடத் தாளில் வளைவு வரவேண்டிய இடத்தில் ஸ்கேல் வைத்து நேர்கோடு இழுத்தாள். தலைப்புக்குப் பச்சை ஸ்கெட்ச் பேனாவில் அடிக்கோடு வேறு.

எஸ்தர் எட்டிப் பார்த்து வெலவெலத்துப் போனாள். சரிவில் விட்ட குண்டு வேகமே எடுக்கவில்லை என்றல்லவா ஆகிறது, சார் கொன்றுவிடுவார் என்றாள்.

"கொல்லட்டும். படிச்சுப் பார்த்துட்டுக் கொல்லட்டும்."

மதியம் அவர் மேசையில் நோட்டுகள் குவிந்திருந்தன. அவளுடையதைத் திறந்தார். அவர் விரல் கடைசிக் கட்டங்களின் மேல் மேலிருந்து கீழே இறங்கியது.

அவள் காத்திருந்தாள். கத்தட்டும். நோட்டைத் தூக்கி எறியட்டும். குண்டை உருட்டிக் காட்டு என்று ஒரே ஒரு முறை கேட்கட்டும். பலகை அங்கேதான் சுவரில் சாய்ந்து நின்றது.

"பாரு. மனசு வச்சா வருதுல்ல?"

கையெழுத்துப் போட்டார். அதன் கீழே 'நன்று' என்று எழுதினார். அடுத்த நோட்டுக்குக் கை நீட்டினார்.

அவள் நகரவில்லை.

வாசலில் நின்ற எஸ்தர், வந்துவிடு, வந்துவிடு என்று கையசைத்தாள்.

அவள் நோட்டை எடுத்தாள். அதே பக்கத்தைத் திறந்து, அவர் படிப்பதற்கு வாகாகத் திருப்பி, மறுபடி அவர் முன்னால் வைத்தாள்.