சுவரில் தொங்கும் கைகள்

தவமணியின் மரப்பட்டறையில் வட்ட ரம்பத்துக்குப் பின்னால் சுவர் நெடுக மரக்கைகள் தொங்கின. அங்கே வேலைக்குச் சேருகிறவர் பலகைமேல் வலக்கையை விரித்து வைக்க வேண்டும். அவள் பென்சிலால் சுற்றி வரைந்து, அதே அளவில் அறுத்துக் கொடுப்பாள். ரம்பத்தில் பலகையைத் தள்ளுவது அந்தக் கைதான், சொந்தக் கை அல்ல.

புதிதாகச் சேர வந்த நிர்மல்ராஜ் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவன். அவனுக்குச் சிரிப்பு வந்தது. "இத்தன வருசம் வெறுங்கையாலதான் தள்ளுனேன். ஒரு கீறல் கெடையாதுக்கா."

"அப்ப இதையும் கீறல் படாமப் பாத்துக்க."

கட்டைவிரல் இல்லாத ஒரு மரக்கையைக் காட்டினான். "இவரு?"

"துபாய்ல இருக்காரு. வீடியோ கால்ல நல்லாக் கையாட்டுவாரு."

பென்சில் விரலிடுக்குகளில் நுழைந்து வந்தபோது கூசியது. மரத்தில் அவன் கை அப்படியே வந்துவிட்டது, சின்ன வயதில் கதவில் நசுங்கிக் கோணிப்போன சுண்டுவிரலோடு.

மழை பெய்த மறுநாள், ஈரப் பலகை ஒன்று ரம்பத்தில் இறுகித் திமிறியது. டக்கென்று ஒரு சத்தம். மெஷினை நிறுத்திப் பார்த்தான். மரக்கையில் ஆள்காட்டி விரலைக் காணவில்லை. குனிந்து மரத்தூளைக் கிளற ஆரம்பித்தான்.

"என்னப்பா தேடுற?"

"ஒண்ணுமில்லக்கா."

மதியம் சட்டைப்பை லேசாகப் புடைத்திருக்க, சாப்பிட உட்கார்ந்தான். நான்கு விரல்களால் சோற்றைப் பிசைந்தான். ஆள்காட்டி விரல் மட்டும் சோற்றில் படாமல் தனியே நீட்டிக்கொண்டிருந்தது.