காற்றுப் பார்க்கும் நூல்

விட்பி நகருக்கு வடக்கே, இலை கொட்டிய காட்டுக்குள், மரத்தில் கட்டிய பரணில் நதீஷா வில்லோடு இருக்கிறாள். இன்றோடு மான் வேட்டைச் சீசன் முடிகிறது. அவளுக்கு இன்னும் ஒரு மான்கூட வாய்க்கவில்லை. மனித வாடை மானுக்கு எட்டக்கூடாதென்று மணமில்லாத சோப்பில் குளித்து, தலைக்கு எண்ணெய்கூட வைக்காமல் வந்திருக்கிறாள். வில்லில் கட்டிய நூல் அவள் முகத்தை நோக்கி ஆடுகிறது. நல்லகாலம், காற்று எதிரிலிருந்துதான் வருகிறது. எதிரே தூரத்தில் சருகு நொறுங்க, மஞ்சள் வெயிலில் ஒரு கொம்பு தெரிகிறது. அப்போதுதான் அவள் மூக்கில் ஒரு வாடை ஏறுகிறது. பக்கத்தில் இருக்கும் கணவன் மரியோவிடம் உதடு அசையாமல் கேட்கிறாள்.

“இஞ்சருங்கோ, உங்களில ஏன் மீன் மணக்குது?”

“எனக்கா? வீட்டுக்குள்ள கறி மணம் பிடிக்குமெண்டு ஜக்கெட்டைக் கராஜிலயெல்லே கொழுவினனான்.”

“ஐயோ, மாமி கராஜிலதானே மீன் பொரிக்கிறவ!”

மரியோ இரண்டு கையாலும் ஜக்கெட்டைப் பொத்துகிறான், மணத்தை உள்ளேயே பிடித்து வைக்கலாம் என்பதுபோல. மான் இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தால் போதும். நதீஷா நாணை இழுக்கிறாள். நூல் தளர்ந்து நேரே தொங்குகிறது. பிறகு மெல்லத் திரும்பி, மானின் பக்கம் நீள்கிறது. மான் தலையை உயர்த்தி, ஈர மூக்கை விரித்து, முன்காலால் நிலத்தை உதைக்கிறது. வெள்ளை வால் எழும்ப, சருகுச் சத்தம் தூரப்போய் அடங்குகிறது.

“காத்து திரும்பாட்டி...” என்று மரியோ தொடங்குகிறான்.

“கதைக்காதேங்கோ,” என்கிறாள், வெறுங்காட்டைப் பார்த்தபடி, இன்னும் நாணை விடாமல்.